பின்னால் வரும் பாரம்: ட்ரெயிலரின் மின் பிறேக்கில் பழுதைத் தேடும் வழி

பனி கரைந்து, வீதியோரத்து உப்புப் படிவு மழையில் கழுவுண்டு போகும் சித்திரை, வைகாசி மாதங்களில் ஸ்காபரோவிலும் ஏஜாக்ஸிலும் பிரம்ரனிலும் எம்மவர் வீட்டு முன்றல்களில் ஒரு காட்சியைக் காணலாம். குளிர்காலம் முழுவதும் தார்ப்பாயின் கீழ்க் கிடந்த ட்ரெயிலர்கள் வெளியே இழுக்கப்படுகின்றன. புல் வெட்டும் தொழில், முற்றத்துக்குக் கல் பதிக்கும் தொழில், வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில், கோயில் திருவிழாக்களுக்குச் சமையற் பாத்திரங்களும் மின்பிறப்பாக்கியும் கொண்டுசெல்லும் தொழில் என, அகதியாக வந்து தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் சொந்தத் தொழில் தொடங்கிய பல குடும்பங்களின் முதலீடு இத்தகைய ட்ரெயிலர் ஒன்றிலேயே இருக்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை பழையனவாக வாங்கப்பட்டவை. விளக்குகள் எரிகின்றனவா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பிறேக் பிடிக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு.

ஊரில் நாம் கண்ட உழவு இயந்திரப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் பிறேக் இருந்ததில்லை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்திலிருந்து சனம் பெயர்ந்தபோது, பெட்டி கிடைத்தவர்கள் தம் உடைமை அனைத்தையும் அவற்றிலேயே ஏற்றினார்கள். நடப்பவரின் வேகத்திலேயே அவை நகர்ந்தன. அந்த வேகத்துக்குப் பிறேக் தேவைப்படவில்லை. இங்கோ நெடுஞ்சாலை 401 இல் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் 2 தொன் பாரம் எமது முதுகுக்குப் பின்னால் வருகிறது. முன்னே செல்லும் வாகனங்கள் சடுதியாக நின்றால், ட்ரெயிலரின் பாரத்தையும் சேர்த்து நிறுத்த வேண்டிய பொறுப்பு இழுக்கும் வாகனத்தின் பிறேக்கின்மீது விழுகிறது. வீதி ஈரமாகவோ வளைவாகவோ இருந்தால் பின்பாரம் வாகனத்தின் பிற்பகுதியை ஒரு பக்கம் தள்ள, இரண்டும் ஒன்றையொன்று நோக்கி மடிந்துவிடும்.

ஒன்ராறியோச் சட்டப்படி மொத்த நிறை 1,360 கிலோகிராம், அதாவது 3,000 இறாத்தல், அல்லது அதற்கு மேற்பட்ட ட்ரெயிலர்களுக்குப் பிறேக் இருத்தல் வேண்டும். மொத்த நிறை என்பது வெறும் ட்ரெயிலரின் நிறையன்று. ஏற்றிய சாமானும் சேர்ந்ததே. வெறுமையாக 800 கிலோ நிறையுள்ள ட்ரெயிலரில் இரண்டு புல்வெட்டும் இயந்திரங்களையும் நான்கு பேரின் கருவிகளையும் ஏற்றினால் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடலாம்.

ஐரோப்பாவில் வாழும் எமது வாசகர்களுக்கு ஒரு சொல். அங்கே சாதாரண கார்கள் இழுக்கும் ட்ரெயிலர்களில், ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே இயங்கும் பொறிமுறைப் பிறேக் வழக்கத்திலுள்ளது. நாம் இங்கு எழுதுவது வட அமெரிக்காவில் வழங்கும் மின் பிறேக்கைப் பற்றியது. அவுஸ்திரேலியாவிலும் இதே தத்துவமே கையாளப்படுகிறது. பிளக்கின் வடிவமும் வயர் நிறங்களும் வேறுபடும்.

உள்ளே நடப்பது

பழுதைத் தேட முன்னர், உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்திருத்தல் நன்று. சில்லோடு சுழலும் இரும்பு ட்ரம்மின் உள்ளே, ஒரு நெம்பின் நுனியில், உள்ளங்கையளவு மின்காந்தம் ஒன்று இருக்கிறது. சாரதி பிறேக்கை மிதிக்கும்போது அதற்கு மின் பாய்கிறது. காந்தம் சுழலும் ட்ரம்மின் முகத்தில் ஒட்ட முயன்று அதனோடு இழுபடுகிறது. அந்த இழுப்பு நெம்பைத் திருப்ப, பிறேக் சூக்கள் இரண்டும் விரிந்து ட்ரம்மை இறுகப் பற்றுகின்றன. எண்ணெய்க் குழாயோ காற்றுக் குழாயோ இங்கு இல்லை. எவ்வளவு மின்னோட்டம் காந்தத்தை அடைகிறதோ அவ்வளவே பிறேக்.

அந்த மின்னோட்டத்தை அளந்து அனுப்புவது கொன்ட்ரோலர் எனப்படும் சிறு பெட்டி. சாரதியின் முழங்காலுக்கு மேலே பொருத்தப்படுவது வழக்கம். மலிவான வகை, பிறேக் விளக்கு எரிந்ததும் முன்பே குறித்த அளவுவரை மின்னைப் படிப்படியாகக் கூட்டும். மெதுவாக மிதித்தாலும் பலமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றே. மற்றைய வகை, வாகனம் எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப மின்னை அனுப்பும். விலை வித்தியாசத்தைப் பாராது இரண்டாவதையே வாங்குங்கள் என்பது எமது கருத்து. அதனை உற்பத்தியாளர் குறித்த சாய்வுக்குள், பயணத் திசைக்கு நேராகப் பொருத்தாவிட்டால் அதன் உணர்வு பிசகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

பழுதென்றதும் முதலில் குற்றஞ்சாட்டப்படுவது இந்தப் பெட்டிதான். எமது வாசகர் ஒருவர், தன் தம்பியுடன் சேர்ந்து புல்வெட்டும் தொழில் நடத்துபவர், இரண்டு அச்சுகளும் நான்கு பிறேக்குகளும் கொண்ட தனது ட்ரெயிலரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே வாகனத்தின் பின் பிளக்கில் சோதனை விளக்கைப் பிடித்தார்கள், பிரகாசமாக எரிந்தது. கொன்ட்ரோலர் பலவீனம் என்று சொல்லிப் புதிது பூட்டினார்கள். மாற்றமில்லை. வேறொரு கராஜில் இன்னொன்று பூட்டினார்கள். அப்போதும் மாற்றமில்லை. பருவத்தின் முதல் மாத உழைப்பிற் பாதி இதிற் போயிற்று. இறுதியிற் கண்டுபிடிக்கப்பட்ட பழுது, ட்ரெயிலரின் நாக்குப் பகுதியில், துருவின்மேல் இறுக்கப்பட்டிருந்த ஒரேயொரு ஏர்த் திருகாணி. எரிந்த விளக்கு ஏன் அதனைக் காட்டவில்லை என்பதைக் கீழே விளக்குவோம். இந்தக் கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியதும் அந்தக் கேள்வியே.

முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

எந்தப் பழுதாயினும், வாகனத்திலா ட்ரெயிலரிலா என்பதை முதலில் தீர்மானியுங்கள். இரண்டுக்கும் நடுவே பிளக் இருப்பது இந்த வகையில் ஒரு வசதி. கொன்ட்ரோலரின் முகப்பில் குறுஞ்சுற்று அல்லது மிகைச்சுமைக் குறி தோன்றினால் ட்ரெயிலரின் பிளக்கைக் கழற்றுங்கள். குறி மறைந்தால் பழுது ட்ரெயிலரில். மறையாவிட்டால் வாகனத்தில்.

பிளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தட்டையான 4 வயர்ப் பிளக்கில் விளக்குகளுக்கு மட்டுமே இடமுண்டு. பிறேக்குக்கு வயர் கிடையாது. நண்பரின் வாகனத்தை இரவல் வாங்கி, 7 முனைப் பிளக்கை 4 முனையாக மாற்றும் இணைப்பியைப் பூட்டிக்கொண்டு புறப்படுவோர் உள்ளனர். விளக்குகள் யாவும் எரியும். பிறேக் ஒன்றேனும் பிடிக்காது.

வாகனப் பக்கத்தில் கொன்ட்ரோலருக்கு நான்கு வயர்கள். கறுப்பு பற்றறியின் நேர்முனையிலிருந்து நேரடியாக வரவேண்டும். இடையில், ஓர் அச்சு அல்லது இரண்டு அச்சு ட்ரெயிலருக்கு 20 அம்பியர், மூன்று அச்சுக்கு 30 அம்பியர் அளவான, தானாக மீளும் மின்தடுப்பி இருத்தல் வழக்கம். சிகரெட் மூட்டியின் வயரில் கொழுவி மின் எடுப்பது வேண்டாத வேலை. வெள்ளை பற்றறியின் மறைமுனைக்கு. சிவப்பு பிறேக் மிதியின் சுவிற்சுக்கு. நீலம் பின் பிளக்குக்கு. இவற்றுள் சிவப்பே பலரை ஏமாற்றுகிறது. மிதிக்காதபோது அதில் மின் இருக்கக்கூடாது. மிதித்ததும் 12 வோல்ற் வரவேண்டும். கைநெம்பை நகர்த்தும்போது ட்ரெயிலர் பிறேக் பிடித்து, காலால் மிதிக்கும்போது பிடிக்காவிட்டால், சிவப்பு வயரையும் பிறேக் விளக்கின் பியூஸையும் பாருங்கள். கொன்ட்ரோலரில் குறையில்லை. இரண்டுக்கும் பிடிக்காவிட்டாற் கறுப்பு, வெள்ளை, நீலம் ஆகியவற்றைத் தொடருங்கள்.

ட்ரெயிலர்ப் பக்கத்தில் வயர் நிறங்களை முழுமையாக நம்பாதீர்கள். வெள்ளை ஏர்த் என்பதும் நீலம் பிறேக் என்பதும் பெரும்பாலும் பொருந்தும். மற்றையவற்றில் இரண்டு மரபுகள் உள்ளன. சாமான் ட்ரெயிலர்களில் மண்ணிறம் பின்விளக்குக்கும் பச்சை வலப்பக்கச் சைகைக்கும் வரும். வாழ்விட ட்ரெயிலர்களில் பச்சை பின்விளக்குக்கும் மண்ணிறம் வலச் சைகைக்கும் வரும். பழைய உரிமையாளர் கையிலகப்பட்ட வயரைப் பூட்டியிருந்தால் எந்த மரபும் உதவாது. ஒவ்வொரு முனையையும் மீற்றரால் சோதித்து, காகிதத்தில் எழுதி, ட்ரெயிலரின் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எரியும் விளக்கு சொல்லாதது

இனி அந்தத் திருகாணிக்கு வருவோம். ஊரில் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு ஓமின் விதி நினைவிருக்கும். 10 அல்லது 12 அங்குல பிறேக்கின் காந்தம் ஒன்றின் தடை ஏறத்தாழ 3.2 ஓம். நான்கும் சமாந்தரமாக இணைந்திருப்பதால் மொத்தத் தடை 0.8 ஓம் மட்டுமே. துருப்பிடித்த ஏர்த் இணைப்பில் 2.5 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 12 வோல்ற்றை 3.3 ஓமால் வகுத்தால் 3.6 அம்பியர். நான்கு காந்தங்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான். காந்தங்களுக்குக் கிடைப்பது 3 வோல்ற்றுக்கும் குறைவு; மீதி 9 வோல்ற் துருவைச் சூடாக்குவதிற் போகிறது.

சோதனை விளக்கோ மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கும். 0.3 அம்பியர் எடுக்கும் விளக்கை அதே துருவின் வழியே இணைத்தாலும் முக்கால் வோல்ற்றே இழக்கப்படும். கண்ணுக்கு அது முழுப் பிரகாசமாகவே தெரியும். மீற்றர் இன்னும் மோசம். அது ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. ஆகவே ஒரு நூலிழை மட்டும் மிஞ்சியுள்ள வயரிலும் 12 வோல்ற் என்று காட்டும். மேலும் அந்தக் கராஜில் விளக்கைப் பிடித்தது வாகனத்தின் பிளக்கிலும் வாகனத்தின் ஏர்த்திலும். ட்ரெயிலரின் ஏர்த் அந்தச் சோதனையில் பங்குபற்றவேயில்லை.

எனவே பிறேக் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், அதுவும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். கைநெம்பை முழுமையாக நகர்த்திப் பிடித்துக்கொள்ள ஒருவர், பின்னால் நின்று நீல வயரில் அளக்க ஒருவர். 10, 12 அங்குலக் காந்தம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 அம்பியர் வரவேண்டும். இரண்டு பிறேக்குக்கு 6, நான்குக்கு 12, ஆறுக்கு 18. சிறிய 7 அங்குல பிறேக்காயின் ஒன்றுக்கு 2.5 அம்பியர். நான்கு பிறேக் உள்ளதில் 9 அம்பியர் காட்டினால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை என்று ஊகிக்கலாம். 6 காட்டினால் இரண்டு. எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமாகக் காட்டினால் எங்கோ வயர் இரும்பில் முட்டுகிறது. எல்லாக் காந்தங்களும் நல்லனவாயிருந்தும் குறைவாகக் காட்டினால், இணைப்புகளே சந்தேகத்துக்குரியவை.

கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். 20 டொலர் மீற்றர்கள் பலவற்றில் அம்பியர் எல்லை 10. நான்கு பிறேக்கின் மின்னோட்டத்தை அவற்றினூடு செலுத்தினால் உள்ளிருக்கும் பியூஸ் எரியும். வயரைச் சுற்றிக் கவ்வும் வகை மீற்றர் மிக வசதியானது. ஆனால் வாங்கும்போது அது நேரோட்டத்தை அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு மின்சாரமான ஆடலோட்டத்தை மட்டும் அளப்பவையே மலிவாகக் கிடைக்கின்றன. கவ்வும்போது நீல வயரை மட்டும் தனியே கவ்வவேண்டும். வெள்ளையையும் சேர்த்துக் கவ்வினால், போவதும் வருவதும் ஒன்றையொன்று நீக்கி, பூச்சியம் காட்டும்.

மீற்றரே இல்லாதவர்க்கும் ஒரு வழியுண்டு. சிறுவர் பள்ளிக்குக் கொண்டுபோகும் திசைகாட்டி ஒன்றை ஒவ்வொரு சில்லின் ட்ரம்முக்கும் அருகிற் பிடியுங்கள். உதவியாளர் கைநெம்பை நகர்த்தும்போது ஊசி துள்ளினால் அந்தக் காந்தம் உயிரோடிருக்கிறது. எவ்வளவு பலம் என்பதை இது சொல்லாது. எந்தச் சில்லு இறந்தது என்பதைச் சொல்லிவிடும்.

ஏர்த் பழுதுக்கு விளக்குகளும் சாட்சி சொல்லும். வலப்பக்கச் சைகையைப் போட்டால் மற்ற விளக்குகளும் மங்கலாகச் சேர்ந்து மினுங்குமாயின் ஏர்த் சரியில்லை என்று கொள்ளலாம். இழுக்கும் பந்தின் வழியே ஏர்த் வந்துவிடும் என்று சிலர் வாதிப்பர். கிறீஸ் பூசிய பந்து நம்பத்தக்க இணைப்பன்று. குழியில் விழுந்தெழும்போதெல்லாம் அது விட்டுவிட்டு இணையும். பிளக்கின் வெள்ளை வயரைத் துருவையும் பெயின்ரையும் சுரண்டி மினுக்கிய இரும்பில் வளைய முனையோடு இறுக்கி, மேலே கிறீஸ் அல்லது பெயின்ர் பூசுங்கள். காந்தங்களின் திரும்பும் வயரைச் சட்டத்தை நம்பிவிடாது, தனி வயராகவே பிளக்குவரை கொண்டுவருதல் அதனிலும் நன்று.

அச்சுக் குழாயின் உள்ளே

ஒரு பக்கக் காந்தத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் வயர் பல ட்ரெயிலர்களில் அச்சின் உட்குழாயினூடாகச் செல்கிறது. ஓடும்போது அது உள்ளே ஆடி, குழாயின் விளிம்பில் உராய்ந்து, காலப்போக்கில் உறை தேய்ந்து செம்பு இரும்பில் முட்டும். கராஜில் நிற்கும்போது பழுது தெரியாது; பள்ளம் திட்டியில் ஓடும்போது மட்டும் கொன்ட்ரோலர் குறுஞ்சுற்றுக் குறியைக் காட்டி மறையும். இந்த மாயப் பழுதுக்காகத்தான் அதிகக் கொன்ட்ரோலர்கள் வீணே மாற்றப்படுகின்றன என்பது எமது எண்ணம். பழைய வயரை வெளியே இழுக்க முயலாதீர்கள். அதனை அப்படியே விட்டு, புதிய வயரை அச்சின் வெளிப்புறமாகப் பாதுகாப்புக் குழாயிலிட்டுக் கட்டிக் கொண்டுபோவதே வழி.

புதிய வயர் 12 கேஜ் அல்லது அதனிலும் தடித்ததாக இருக்கட்டும். கேஜ் எண் கூடக்கூட வயர் மெலியும் என்பதைக் கவனியுங்கள். விளக்குக்குப் போதுமான 16 கேஜ் பிறேக்குக்குப் போதாது. வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 12 அம்பியரில் 1.2 வோல்ற் இழப்பு. இணைப்புகளுக்கு, வீட்டு மின் வேலையில் எம்மவர் பழகிய திருகும் பிளாஸ்ரிக் தொப்பிகளைப் பயன்படுத்தாதீர்கள். அதிர்வில் அவை தளரும், உப்புநீர் உள்ளே புகும். உறையைக் குத்தித் துளைத்து இணைக்கும் கவ்விகளும் அவ்வாறே. இரண்டு குளிர்காலம் கழித்து அந்த இடத்தை வெட்டிப் பார்த்தால் செம்பு பச்சைத் தூளாயிருக்கும். நசுக்கி இறுக்கியபின் சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறையுள்ள இணைப்பிகளே ஒன்ராறியோ வீதிக்கு ஏற்றவை.

காந்தத்தைத் தனியே சோதிப்பது எளிது. இரண்டு வயரையும் கழற்றி, அவற்றுக்கிடையே தடையை அளந்தால் 3.2 ஓமுக்கு அண்மையில் வரவேண்டும். ஒரு வயருக்கும் காந்தத்தின் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. மீள இணைக்கும்போது எந்த வயர் நேர், எந்த வயர் மறை என்று தேடவேண்டியதில்லை, இரண்டும் ஒன்றே. பழுதானதை மாற்றும்போது அந்த அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் பலமாகப் பிடித்தால் ட்ரெயிலர் அந்தப் பக்கம் இழுக்கும்.

மின் சரியாயிருந்தும் பிடிக்காவிட்டால் பழுது பொறிமுறையில். பெயரிங்கின் கிறீஸ் கசிந்து சூக்களில் ஊறியிருக்கலாம். அத்தகைய சூக்களைக் கழுவிப் பயனில்லை, மாற்றவேண்டும். சூக்கள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். தானாகச் சரிசெய்துகொள்ளாத வகையாயின் ஏறத்தாழ ஒவ்வொரு 3,000 மைலுக்கும் கையாற் சரிசெய்ய வேண்டும். இந்த வேலைக்குச் சில்லைத் தூக்கும்போது ஜக்கை மட்டும் நம்பி ட்ரெயிலரின் கீழே புகாதீர்கள். தாங்கி வைத்து, மற்றைய சில்லுகளுக்குக் கட்டை இட்டபின் புகுங்கள். ட்ரம்மைக் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடலாம். அப்போதும் மேலே சொன்ன அம்பியர் அளவுகளை எழுதிக்கொண்டு போனால், வீண் செலவு வெகுவாகக் குறையும்.

எல்லாம் பூட்டியபின், ஆளில்லாத சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடி, கைநெம்பை மட்டும் முழுமையாக நகர்த்திப் பாருங்கள். சில்லுகள் இறுகிச் சறுக்கும்வரை கொன்ட்ரோலரின் பலத்தைக் கூட்டி, பின் சற்றுக் குறைத்து விடுங்கள். வெறும் ட்ரெயிலருக்கு வைத்த அளவு ஏற்றிய ட்ரெயிலருக்குப் போதாது. காலையில் மண் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் வெறுமையாகத் திரும்புபவர்கள் இரு வேளையும் அளவை மாற்றவேண்டும்.

கடைசியாக, நாக்குப் பகுதியிலுள்ள சிறு பற்றறியும், கம்பி கட்டிய ஊசியும். ட்ரெயிலர் ஓட்டத்திற் கழன்றுபோனால் ஊசி இழுபட்டு, அந்தப் பற்றறியின் மின்னால் பிறேக் தானாகப் பிடிக்கும். அமெரிக்க விதி அது 15 நிமிடமாவது பிடித்துநிற்க வேண்டும் என்கிறது. பவலோவுக்கோ டிட்ரொயிற்றுக்கோ வேலையாகச் செல்பவர்கள் கவனிக்க. இதனைத் தரிப்புப் பிறேக்காகப் பயன்படுத்தினால் பற்றறி தீர்ந்து, ட்ரெயிலர் தன்பாட்டில் உருளும். பழைய ட்ரெயிலர் வாங்கப் போகுமிடத்தில் இதுவே மிக விரைவான சோதனை: ட்ரெயிலரை வாகனத்தோடு கொழுவி, மின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு, ஊசியை இழுத்து, மெதுவாக முன்னே நகர்த்திப் பாருங்கள். பிளக்கைக் கழற்றாது ஊசியை இழுத்தால் கொன்ட்ரோலர் பழுதடையலாம். சில்லுகள் எல்லாம் இறுகி நின்றால் காந்தங்களும் அவற்றின் வயர்களும் வேலை செய்கின்றன. சில்லு உருண்டால் விற்பவர் பற்றறி இறங்கிவிட்டது என்பார். 12 வோல்ற் பற்றறி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன் இடத்தில் இணைத்துப் பார்த்தபின் விலை பேசுங்கள்.